அப்பம்மாவின் குரலும் அறுபத்து நான்கு கிலோபைட் பக்கமும்

எங்கள் தமிழ்ப் பாடசாலையின் ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது, கணினித் துறையில் இருப்பவர் ஆதலால் செயற்கை நுண்ணறிவு பற்றி எழுதினால் மாணவர்களுக்குப் பயன்படும் என்றும் சொன்னார்கள். அது பற்றி எழுதுவோர் இன்று பலர் உளர். நானோ முப்பது ஆண்டுகளாக இந்த ஜேர்மன் மண்ணில், தொழிற்சாலை இயந்திரங்களுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாமல் இயங்கும் சிறு கணினிகளுக்கு மென்பொருள் அமைத்து வாழ்பவன். அத்தொழிலில் மிகவும் சலிப்பூட்டும் வேலை எது என்று கேட்டால், ‘ஆம், இல்லை, ஆம், இல்லை’ என்று ஒரு நீண்ட பட்டியலுக்கு விடை சொல்லிக்கொண்டே போகும் வேலைதான் என்பேன். அந்தச் சலிப்பூட்டும் பட்டியல் ஒருமுறை என் வீட்டு வாசற்படி ஏறி வந்தது. அதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

என் தாயார் 2006ஆம் ஆண்டு கரவெட்டியிலிருந்து எங்களிடம் வந்து சேர்ந்தார். 2015 வசந்த காலத்தில் அவர் மறையும் வரை ஒன்பது ஆண்டுகள் எங்களுடன் இருந்தார். சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு முடிந்து மகள் வீடு திரும்பியதும் அப்பம்மாவின் கட்டிலில் ஏறி அமர்ந்துவிடுவாள். அன்றைய பாடத்தை அப்பம்மா ஒருமுறை கேட்பார். பின்னர் பாடம் எங்கோ போய்விடும், கதை தொடங்கிவிடும். கிணற்றடி, பனங்கூடல், தேர்த்திருவிழா, 1964ஆம் ஆண்டுப் புயலில் கூரை போன கதை என்று அது நீளும். 2009க்கும் 2012க்கும் இடையில் அவற்றுள் நாற்பத்தொன்றைச் சிறிய ஒலிப்பதிவுக் கருவி ஒன்றில் பதிந்து வைத்தேன். 2011இல் வலையமைப்புடன் இணைக்கத்தக்க சேமிப்புப் பெட்டி ஒன்று வாங்கியபோது அனைத்தையும் அதனுள் மாற்றினேன். ஒலிப்பதிவுக் கருவியை யாருக்கோ கொடுத்துவிட்டேன்.

இன்னொரு பிரதி எடுத்து வைக்கவில்லை. தொழிற்சாலைகளுக்குப் போய் ‘பாதுகாப்புப் பிரதி எடுத்தீர்களா?’ என்று கேட்பதை வாடிக்கையாகக் கொண்ட ஒருவன் தன் தாயின் குரலுக்கு ஒரு பிரதி எடுக்கவில்லை. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

2021 தைமாதத்தில் ஒரு நாள் அப்பெட்டியின் விளக்கு அணைந்தது. மின்வழங்கியை மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. அப்பெட்டிக்கான உதவியை அதைச் செய்த நிறுவனம் முன்னரே நிறுத்திவிட்டிருந்தது. ‘உள்ளே உள்ள வட்டு நன்றாகத்தான் இருக்கும், பின்னர் பார்க்கலாம்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பெட்டியை நிலவறைத் தட்டில், உருளைக்கிழங்குக் கூடைக்கு அருகே வைத்தேன். இரண்டரை ஆண்டுகள் அது அங்கேயே இருந்தது. பார்க்கப் பயந்தேன் என்பதே உண்மை. பார்க்காத வரையில் குரல் இருக்கிறது அல்லவா?

2023ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் மகளுக்குப் பதினெட்டு வயது. தமிழ்ப் பாடசாலையின் இறுதி வகுப்பில் வாய்மொழி வரலாறு குறித்து ஓர் ஒப்படை செய்ய வேண்டியிருந்தது. “அப்பா, அப்பம்மாவின் பதிவுகள் எங்கே?” என்று கேட்டாள். நான் சிறிது நேரம் பேசாமல் இருந்தேன். அவள் தானே நிலவறைக்குச் சென்று, பெட்டியைத் திறந்து, வட்டைக் கழற்றி எடுத்து, இணைப்புக் கம்பி ஒன்றின் வழியே தன் மடிக்கணினியில் பொருத்திவிட்டாள். உடனே திரையில் ஒரு கேள்வி எழுந்தது. இவ்வட்டைப் பயன்படுத்துவதற்கு முன் அதை வடிவமைக்க வேண்டும், இப்போது வடிவமைக்கவா என்பது அதன் பொருள். வடிவமைத்தல் என்னும் அழகிய சொல்லுக்கு இங்கே உள்ளதை மறந்துவிடுதல் என்று பொருள் கொள்ள வேண்டும். மகள் ‘ஆம்’ என்பதை அழுத்தவில்லை. “கணினி இவ்வளவு பணிவாகக் கேட்டால் சந்தேகப்பட வேண்டும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்” என்றாள்.

வட்டை என் லினக்ஸ் கணினிக்கு மாற்றினேன். முதல் வேலையாக ஒரு டெராபைட் கொண்ட அவ்வட்டின் முழுப் பிரதியை வேறொரு வட்டில் எடுத்தேன். மூன்று மணித்தியாலத்துக்கு மேல் சென்றது. ஒரு பிழையும் இல்லை, வட்டு நலமாக இருந்தது. அதன் பின்னர் பிரதியின் நான்காம் பிரிவைத் திறக்க முயன்றேன். கணினி மறுத்தது. கட்டின் அளவு 65,536, இது பிழையான அளவு என்று ஒரே ஒரு வரி. வட்டு பழுதடையவில்லை, எழுத்துகள் அழியவில்லை, கோப்பு முறையும் நன்கறிந்த எக்ஸ்டி4 முறைதான். ஆயினும் வாசிக்க முடியாது என்கிறது கணினி. வீட்டுக்கு வந்த கடிதத்தை, அதன் தாள் பெரியது என்பதற்காக அஞ்சற்காரர் திருப்பி அனுப்பியது போன்றது அது.

இதன் காரணத்தை விளங்கிக்கொள்ளக் கணினியின் உள்ளே சிறிது செல்ல வேண்டும். மாணவச் செல்வங்கள் பொறுமையோடு வருவீர்களாக.

கணினியில் நாம் காணும் செயலிகள் யாவற்றுக்கும் அடியில் ஒரு மென்பொருள் உண்டு. நினைவகத்தைப் பங்கிடுவது, வட்டிலிருந்து எடுத்துத் தருவது, விசைப்பலகையைக் கேட்பது ஆகிய எல்லாம் அதன் பணி. ஆங்கிலத்தில் கேர்னல் என்பர்; கொட்டைக்குள் இருக்கும் பருப்பு என்று பொருள். இக்கட்டுரையில் கருநிரல் என்று அழைக்கிறேன். லினக்ஸ் என்பது அத்தகைய ஒரு கருநிரலே. ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தம்மிடமிருந்த இன்டெல் 386 கணினிக்காக அதை எழுதினார். வேறு இயந்திரங்களுக்கு அது மாற்றத்தக்கதன்று என்று அப்போது அவரே அறிவித்தார். சில ஆண்டுகளிலேயே அவர் சொல் பொய்த்தது. இன்று கைப்பேசி முதல் மிகப்பெரிய கணினிகள் வரை, இருபதளவான செயலிக் குடும்பங்களில் அது இயங்குகிறது.

ஒரே மூலநிரல் இத்தனை இயந்திரங்களுக்கு எவ்வாறு பொருந்துகிறது? இங்கேதான் நான் முதலிற் சொன்ன பட்டியல் வருகிறது. கருநிரலைத் தொகுப்பதற்கு முன்னர் அது நம்மிடம் கேள்விகள் கேட்கும். எந்தச் செயலி? எந்த இயந்திரத் தளம்? எந்த வட்டு இயக்கி? எந்தக் கோப்பு முறை? ஒவ்வொன்றுக்கும் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ எனலாம். பலவற்றுக்கு மூன்றாவது விடையும் உண்டு: ‘தனிக்கூறாக வைத்திரு, தேவைப்படும்போது அழைத்துக்கொள்கிறேன்’ என்பது. இத்தகைய தெரிவுகள் பத்தாயிரத்துக்கும் மேல் உள்ளன. அவை எல்லாவற்றையும் ஒருவர் பார்ப்பதில்லை. ஒரு கேள்விக்கு ‘இல்லை’ என்றால் அதைச் சார்ந்த கேள்விகள் யாவும் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். 2002ஆம் ஆண்டு ரோமன் சிப்பெல் என்பவர் எழுதிய ஒழுங்குமுறையே இன்றளவும் இப்பட்டியலை நடத்துகிறது. விடைகள் அனைத்தும் கடைசியில் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில், வரிக்கு ஒன்றாகப் பதிவாகும். அந்தக் கோப்புத்தான் அந்தக் கருநிரலின் சாதகக் குறிப்பு.

இனிப் பக்கம் என்பதற்கு வருவோம். கருநிரல் நினைவகத்தைச் சம அளவான துண்டுகளாகப் பிரித்து ஆள்கிறது. அத்துண்டுக்குப் பக்கம் என்றே பெயர். நம் வீட்டுக் கணினிகளில் ஒரு பக்கம் 4,096 பைட். வட்டிலோ கோப்புகள் கட்டுகளாகச் சேமிக்கப்படுகின்றன. லினக்ஸில் நெடுங்காலமாக ஒரு விதி இருந்து வந்தது: வட்டின் ஒரு கட்டு நினைவகத்தின் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். ஒரு பாட்டை ஒரு பக்கத்துக்குள் எழுதி முடிக்க வேண்டும், அடுத்த பக்கத்துக்குத் தாவக்கூடாது என்று ஆசிரியர் சொல்வதைப் போன்றது இது. பெரிய கொப்பியில் சிறிய பாட்டை எழுதலாம். சிறிய கொப்பியில் நெடும்பாட்டை எழுத முடியாது. 2024இல் வெளிவந்த 6.12ஆம் பதிப்பில் எக்ஸ்எஃப்எஸ் என்னும் கோப்பு முறைக்கு இவ்விதி தளர்த்தப்பட்டது. எங்கள் வட்டு வேறு முறையைச் சேர்ந்தது, ஆண்டும் 2023.

எங்கள் பெட்டிக்குள் இருந்தது இன்டெல் செயலி அன்று, பவர்பீசி குடும்பத்துச் செயலி. 1991இல் அப்பிள், ஐபிஎம், மொட்டோரோலா ஆகிய மூன்று நிறுவனங்களும் கூடி உருவாக்கிய குடும்பம் இது. 1994 முதல் 2006 வரை அப்பிள் கணினிகள் இதிலேயே ஓடின. 2012இல் செவ்வாயில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தியின் மூளையும் இக்குடும்பத்ததே. ஆனால் அங்கு இயங்குவது லினக்ஸ் அன்று. பெட்டிகளுக்குள் அடைபடும் சிறிய செயலிகளுக்கென 44 வரிசை என்று ஒரு கிளை உண்டு. அக்கிளைக்குக் கருநிரலை அமைப்பவரிடம் பட்டியல் ஒரு கேள்வி கேட்கும்: பக்கத்தின் அளவு என்ன? 4, 16, 64, 256 கிலோபைட் என்று நான்கு விடைகள். இவற்றுள் 256ஐத் தேர்ந்தால் மற்றைய மென்பொருள்களையும் தனி முறையில் தொகுக்க வேண்டிவரும் என்ற எச்சரிக்கை உதவிக் குறிப்பிலேயே இருக்கிறது. எங்கள் பெட்டியை அமைத்த எவரோ ஒருவர் 64ஐத் தேர்ந்திருந்தார்.

இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. லினக்ஸின் உரிம விதிப்படி, அதைத் தம் பொருளில் வைத்து விற்போர் அதன் மூலநிரலையும், அதைத் தொகுக்கப் பயன்பட்ட கட்டளைகளையும் கேட்போர்க்குக் கொடுக்க வேண்டும். பெட்டி வாங்கிய புதிதில், தொழிற் பழக்கத்தால், அம்மூலநிரற் பொதியை இறக்கி வைத்திருந்தேன். தாயின் குரலுக்குப் பிரதி எடுக்காதவன் இதை மட்டும் பத்திரமாக வைத்திருந்தேன், பாருங்கள்! பொதியைத் திறந்து அமைவுக் கோப்பைத் தேடினோம். பல நூறு வரிகளுக்கு நடுவே பவர்பீசி, 64 கிலோபைட் பக்கங்கள், ஆம் என்னும் பொருள்பட ஒரு வரி.

“இவர் ஏன் அப்படிச் செய்தார்?” என்று மகள் கோபத்தோடு கேட்டாள். கோபப்பட ஒன்றுமில்லை. அச்செயலி வலுக் குறைந்தது. பக்கம் பெரிதானால் பக்கங்களின் எண்ணிக்கை குறையும், ஒரு பெரிய கோப்பை வலையில் அனுப்பும்போது பதினாறு சிறு பக்கங்களைக் கையாளும் வேலை ஒரு பெரிய பக்கத்தோடு முடிந்துவிடும், வேகம் கூடும். பெட்டியின் அட்டையில் வேகத்தைப் பெரிதாக அச்சிடலாம். பெட்டி பழுதான பிறகு வட்டை வேறொரு கணினியில் வாசிக்க ஒருவர் விரும்புவார் என்பது அந்த நாளில் அவருக்குத் தோன்றியிராது. நானும் என் தொழிலில் இப்படி எத்தனை வரிகளுக்கு ‘ஆம்’ சொல்லியிருப்பேன்! அவற்றின் மறுமுனையில் எவர் வீட்டு நிலவறை இருக்கிறதோ, யாமறியோம்.

எனவே எங்களுக்கு வேண்டியது 64 கிலோபைட் பக்கம் கொண்ட ஒரு கருநிரல். விடயம் அறிந்த வாசகர் ஒருவர் இங்கே குறுக்கிடலாம்: கருநிரலின் தயவின்றி அத்தகைய வட்டை நேராக வாசிக்கும் கருவிகள் இருக்கின்றனவே என்று. உண்டு; அவற்றால் கோப்புகளை ஒவ்வொன்றாக வெளியே எடுக்கலாம், ஒரு மாலைப்பொழுதில் வேலை முடிந்திருக்கும். ஆனால் மகள் அந்தப் பெட்டி கண்டபடியே வட்டைக் காண விரும்பினாள். எனக்கும் பிடிவாதம் பிறந்துவிட்டது. அன்றியும் பதினெட்டு வயதுப் பிள்ளை தானாக வந்து தந்தையின் தொழிலைக் கற்றுக்கொடு என்று கேட்கும் நாள் அடிக்கடி வருவதில்லை.

வேறோர் ஐயமும் அவளுக்கு இருந்தது. பவர்பீசி எண்களை நினைவகத்தில் எழுதும் வரிசை வேறு, இன்டெல் எழுதும் வரிசை வேறு என்று எங்கோ படித்திருந்தாள். உண்மைதான். தமிழில் இருபத்தைந்து என்கிறோம். பெரியது முன்னே வருகிறது. ஜேர்மன் மொழியில் ஐந்தும் இருபதும் என்பார்கள்; சிறியது முன்னே வருகிறது. எங்கள் பெட்டி தமிழ் முறைப்படி எண்ணியது, இன்டெல் ஜேர்மன் முறைப்படி எண்ணுகிறது. ஆயினும் எக்ஸ்டி4 முறையை வகுத்தோர் எவ்வியந்திரமாயினும் வட்டில் எழுதும்போது சிறியதை முன்னே வைத்தே எழுத வேண்டும் என்று விதித்துவிட்டனர். ஆகவே அதனால் தடையில்லை. இரு மொழிகளிலும் எண்ணி வளர்ந்த பிள்ளைக்கு இதை விளக்க எனக்கு ஒரு நிமிடமும் ஆகவில்லை.

பவர்பீசி இயந்திரம் வீட்டில் இல்லை. அதற்கும் வழி இருந்தது. 2003இல் பிரான்சு நாட்டவரான ஃபப்ரிஸ் பெல்லார் தொடங்கிய கியூஎமு என்னும் மென்பொருள், ஒரு கணினிக்குள் இன்னொரு கணினி இருப்பதுபோலப் பாவனை செய்யும். அதற்குள் பவர்பீசி இயந்திரம் ஒன்றை எழுப்பி, நாங்கள் அமைத்த கருநிரலை அதில் ஓடவிடுவது என்று முடிவு செய்தோம்.

ஒரு சனிக்கிழமை மாலை இருவரும் உணவு மேசையில் அமர்ந்தோம். பட்டியல் திறந்தது. முதலில் செயலி வகை. இங்கே ஒன்றைத்தான் தேரலாம். 44 வரிசை நினைவகத்தை ஆளும் முறையும் பெரிய வழங்கிச் செயலிகள் ஆளும் முறையும் அடிப்படையிலேயே வேறானவை. ஒரே கருநிரல் இரண்டுக்கும் பொருந்தாது. எங்களுக்குத் தேவை பக்கத்தின் அளவு மட்டுமே ஆதலாலும், பெரிய செயலிகளில் 64 கிலோபைட் என்பது அன்றாட வழக்கம் ஆதலாலும் வழங்கி வகையைத் தேர்ந்தோம்.

அடுத்து இயந்திரத் தளங்கள். இங்கே எத்தனை வேண்டுமாயினும் ‘ஆம்’ எனலாம். அப்பிளின் பழைய பவர்மக், ஐபிஎம்மின் பி-சீரிஸ், அதே நிறுவனத்தின் பவர்என்வி, சோனியின் பிளேஸ்டேஷன் 3 என்று பெயர்கள் வந்தன. பிளேஸ்டேஷனைக் கண்டதும் மகள் சிரித்தாள். விளையாட்டுப் பெட்டியும் வங்கிக் கணினியும் ஒரே பட்டியலில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரராக இருக்கின்றனவே என்றாள். நான் அனுபவசாலியின் தோரணையோடு தேவையற்றவற்றை நீக்கத் தொடங்கினேன். “நம் வீட்டில் ஐபிஎம்மின் பெரிய கணினி உண்டோ? இல்லை. நீக்கு” என்றேன். பவர்மக் மட்டும் இருக்கட்டும் என்றேன். பின்னர் பக்க அளவு 64, எக்ஸ்டி4 ஆம், வட்டு இயக்கி ஆம் என்று விரைவாக முடித்துத் தொகுக்கவிட்டு உணவருந்தினோம்.

இரவு ஒன்பது மணிக்குப் பாவனை இயந்திரத்தை இயக்கினோம். தொடக்க நிரல் சில வரிகளைக் காட்டியது. லினக்ஸைத் தொடங்குகிறேன் என்றது. அதன் பின் எதுவும் இல்லை. பிழைச் செய்தியும் இல்லை. வெறும் திரை. பிழை சொல்லும் இயந்திரத்தோடு வழக்காடலாம். மௌனமாக இருக்கும் இயந்திரத்தோடு என்ன செய்வது? நான் தொகுப்பியைச் சந்தேகித்தேன், வட்டுப் பிரதியைச் சந்தேகித்தேன், கியூஎமுவின் பதிப்பைக்கூடச் சந்தேகித்தேன். நள்ளிரவாயிற்று. நாளை பார்க்கலாம் என்று எழுந்தேன்.

மகள் எழவில்லை. இயந்திரத்தை இயக்க நான் தட்டெழுதிய கட்டளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்பா, இங்கே நீங்கள் எழுதியிருக்கும் இயந்திரத்தின் பெயர் பி-சீரிஸ். பட்டியலில் இந்தப் பெயர் இருந்தது. நீங்கள்தான் வேண்டாம் என்றீர்கள்” என்றாள்.

முப்பது ஆண்டு அனுபவம் அந்த இடத்தில் தலைகுனிந்து நின்றது. வீட்டில் ஐபிஎம் கணினி இல்லைதான். ஆனால் கியூஎமு எங்களுக்காகப் பாவனை செய்தது அதைத்தான். நடந்தது இதுவே. பவர்பீசிக் கருநிரல் விழித்ததும், தான் எத்தகைய இயந்திரத்தில் இருக்கிறது என்பதைத் தொடக்க நிரல் கையளிக்கும் ஒரு விவரணையிலிருந்து அறிகிறது. சாதன மரம் என்று அதற்குப் பெயர். இன்னின்ன செயலி, இவ்வளவு நினைவகம், இன்ன இடத்தில் இன்ன சாதனம் என்று கிளை கிளையாக எழுதப்பட்ட அட்டவணை அது. அதை வைத்துக்கொண்டு கருநிரல் தன்னுள் சேர்க்கப்பட்ட தளங்களை ஒவ்வொன்றாக ‘இது உன் இயந்திரமா?’ என்று கேட்கும். எங்கள் கருநிரலுள் இருந்தது பவர்மக் மட்டுமே. அது ‘என்னுடையதன்று’ என்றது. கேட்பதற்கு வேறு எவரும் இல்லை, கருநிரல் நின்றுவிட்டது. நின்றுவிட்டேன் என்பதை எங்களுக்குச் சொல்லும் வாயும் அதற்கு இல்லை. ஏனெனில் அந்த இயந்திரத்தின் திரைத்தொடர்புக்கான தெரிவு பி-சீரிஸ் தளத்துக்கு ‘ஆம்’ என்று சொன்னால்தான் பட்டியலில் தோன்றும். நான் பி-சீரிஸை நீக்கியபோது அக்கேள்வியும் உடன் மறைந்தது. கேட்கப்படாத கேள்விக்கு நான் விடை சொல்லவில்லை.

இந்தச் சாதன மர முறை பவர்பீசிக்காரர் முன்னரே கைக்கொண்டது என்பதை இங்கே ஓர் இடைக்குறிப்பாகச் சொல்ல வேண்டும். பவர்பீசிக்குப் பழைய மூலநிரல் ஒன்றும் புதியது ஒன்றும் சில காலம் அருகருகே இருந்தன. சாதன மரத்தைக் கட்டாயமாக்கிய புதியதே நிலைத்தது, பழையது 2008இல் நீக்கப்பட்டது. கைப்பேசிகளில் உள்ள ஆர்ம் குடும்பத்திலோ ஒவ்வொரு பலகைக்கும் தனித்தனி நிரல் எழுதிக் குவித்தார்கள். 2011இல் டோர்வால்ட்ஸ் அது குறித்துக் கடுமையாகக் கண்டித்த பின்னரே அவர்களும் இம்மரத்தின் நிழலுக்கு வந்தனர்.

பி-சீரிஸுக்கு ‘ஆம்’ என்றோம். மறைந்திருந்த வரிகள் தோன்றின. திரைத்தொடர்புக்கும் ‘ஆம்’ என்றோம். மறுபடியும் தொகுத்து முடியும்போது மணி ஒன்றரை. இம்முறை வரிகள் அருவி போல இறங்கின. நான்காம் பிரிவு திறந்தது. வாசிப்பதற்கு மட்டும் என்று திறந்தேன், எழுத இடங்கொடுக்கவில்லை. கட்டின் அளவு 65,536 என்பதைப் பற்றி ஒரு முறைப்பாடும் இல்லை.

கோப்புகளின் பெயர்களைக் காட்டுமாறு கட்டளையிட்டேன். திரை முழுவதும் வினாக்குறிகள். ஒவ்வொரு வரியிலும் வினாக்குறிகள் மட்டுமே. மகளின் முகம் வெளிறிவிட்டது. “அழிந்துவிட்டதா, அப்பா?” என்றாள்.

நான் வரிகளை எண்ணினேன். நாற்பத்தொன்று. ஒரு வரி பதினைந்து வினாக்குறிகளோடு தொடங்கியது. மனத்துள் கணக்குப் போட்டேன். அ, ம, புள்ளி, ம, கால் என யூனிக்கோடு முறையில் அம்மா என்னும் சொல்லுக்கு ஐந்து குறியீடுகள். ஒவ்வொன்றும் வட்டில் மூன்று பைட். ஐம்மூன்று பதினைந்து. பெயர்கள் அழியவில்லை, அவற்றைக் காட்டத் தெரியாத கருவி, பைட் ஒன்றுக்கு ஒரு வினாக்குறி இட்டிருந்தது. சிறிய இயந்திரங்களுக்கென உள்ள பிஸிபொக்ஸ் என்னும் கருவித் தொகுதியைத்தான் அங்கே பயன்படுத்தியிருந்தேன். அதற்கும் கருநிரலைப் போன்றே ஓர் அமைவுப் பட்டியல் உண்டு. யூனிக்கோடு வேண்டுமா என்று அதில் ஒரு வரி. அதற்கும் நான் ‘இல்லை’ என்றே விட்டிருந்தேன். வாராவாரம் பிள்ளையைத் தமிழ் படிக்க அழைத்துச் செல்பவன், தமிழ் வேண்டுமா என்று கேட்ட கேள்வியைப் பார்க்காமலே கடந்திருக்கிறேன்.

மகள் அந்த வரியைத் தேடித் தானே ‘ஆம்’ என்று மாற்றினாள். இரண்டு மணிக்குப் பின் பெயர்கள் தமிழில் வந்தன. ‘அம்மா கிணற்றடி’, ‘அம்மா தேர்’, ‘அம்மா புயல்’. நான் இட்ட பெயர்களாதலால் அம்மா என்று இருந்தன. தான் இட்டிருந்தால் அப்பம்மா என்று இட்டிருப்பேன் என்றாள். வழக்கமான 4,096 அளவில் அமைத்த இன்னொரு வட்டையும் பாவனை இயந்திரத்தில் இணைத்து, நாற்பத்தொரு கோப்புகளையும் அதற்கு மாற்றினோம். பெரிய பக்கத்தில் சிறிய பாட்டை எழுதத் தடையில்லை என்று முன்னர் சொன்னேன் அல்லவா?

இப்போது அவற்றுக்கு மூன்று பிரதிகள் உள்ளன. ஒன்று எங்கள் வீட்டில், ஒன்று என் தங்கை வீட்டில், ஒன்று மகளிடம். நாங்கள் அமைத்த கருநிரலின் அமைவுக் கோப்பையும் ஒவ்வொரு பிரதியுடனும் வைத்திருக்கிறோம். மகளின் எண்ணம் அது.

அன்றிரவு ஒன்றை மட்டும் கேட்டுவிட்டுத் தூங்கலாம் என்றோம். அவள் தெரிந்தெடுத்தது 2009ஆம் ஆண்டுப் பதிவு ஒன்று. அப்போது அவளுக்கு நான்கு வயது. வாழைப்பழம் என்று சொல்ல அப்பம்மா கற்பிக்கிறார். குழந்தை வாளைப்பளம் என்கிறது. “நாக்கை உள்ளுக்கு மடிச்சுச் சொல்லு, பிள்ளை” என்கிறார் அப்பம்மா. ஏழு முறை தவறுகிறது. எட்டாம் முறை சரியாக வந்ததும் அறையில் பெரிய சிரிப்பு. மேசைக்கு எதிரே இருந்த பதினெட்டு வயதுப் பெண்ணின் உதடுகளும் ஓசையின்றி அச்சொல்லைச் சொல்லிப் பார்த்தன.

பதிவின் கடைசியில் கட்டில் அசையும் ஓசை. பின்னர் அம்மாவின் குரல், கருவிக்கு மிக அருகில்: “தம்பி, இது பதியுதோ?”

“ஓம், அம்மா” என்று என் குரல் சொல்கிறது.